எருக்குழி மக்கில் ஒரு படைப்பு: எது நிற்கும், எது பேசும்?

கேள்வி கேட்டவர் நுண்கலை இறுதியாண்டு மாணவர். வீட்டுக் கொல்லையில் இருக்கும் எருக்குழியிலிருந்து மக்கிய உரத்தை எடுத்து ஆண்டு இறுதிக் கண்காட்சிக்கு ஒரு படைப்பு செய்யப் போகிறாராம். சிற்பத்துக்கும் ஓவியத்துக்கும் அது ஒத்துவருமா, நாற்றமும் பூஞ்சையும் வருமா, மரணம், மறுபிறப்பு என்று எல்லோரும் சொல்வதைத் தாண்டி அதற்கு வேறு அர்த்தம் உண்டா என்று கேட்டிருக்கிறார். பார்த்தால் மூன்று கேள்விகள். எனக்கு என்னவோ ஒன்றுதான் என்று படுகிறது: இந்தப் பொருள் தானாகவே ஏதாவது சொல்லுமா, இல்லை பக்கத்தில் ஒரு அட்டையில் எழுதி ஒட்டினால்தான் சொல்லுமா?

நான் படித்தது மண் வேதியியல். பிழைப்பு உரக்கிடங்குகளில். நடுவில் சில கலைஞர்களுக்குக் கலவை தயாரித்துக் கொடுத்ததில் அந்தப் பக்கமும் கொஞ்சம் பழக்கம். அதனால் உரத்தைப் பற்றிச் சொல்வதை நம்பி வேலை செய்யலாம். கலையைப் பற்றிச் சொல்வது ஒரு பார்வையாளனின் கருத்து, அவ்வளவுதான். உங்கள் ஆசிரியர் வேறு மாதிரி சொன்னால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பொருள். குழியிலிருந்து தோண்டுவதெல்லாம் உரமாகிவிடாது. ஈரக் குப்பையைக் கொட்டி மூடிவிட்டால் அது காற்றில்லாமல் புளித்து நாறும், அது வெறும் அழுகல். உரமாக வேண்டுமென்றால் காய்ந்த சருகும் பச்சைத் தழையும் அளவாகக் கலக்க வேண்டும். நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கார்பன் 25 முதல் 30 பங்கு. ஈரம் பாதிக்குச் சற்று மேல். கையில் எடுத்து அழுத்தினால் புட்டு மாவு மாதிரி உருண்டு நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. இடையிடையே கிளறி விட வேண்டும். இவையெல்லாம் கூடிவந்தால் சில நாட்களிலேயே குவியலின் நடுப்பகுதி 55 டிகிரியைத் தாண்டிவிடும். 70-ஐ நெருங்கினால் வேலை செய்கிற நுண்ணுயிர்களே செத்துவிடும் என்பதால் பிரித்துப் போட்டு ஆற்றுவோம். சூடு அடங்கிய பிறகும் மாதக்கணக்கில் முற்ற வேண்டும். வீட்டுக் குழிகள் பெரும்பாலும் இந்தச் சூட்டை எட்டுவதில்லை. ஏறக்குறைய ஒரு கன மீட்டர் குவியல் இருந்தால்தான் சூடு உள்ளே தங்கும். அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. காலம் கூடுதலாகும், களை விதைகளும் நோய்க் கிருமிகளும் சிலது பிழைத்திருக்கும், அவ்வளவுதான்.

உங்களுடையது முற்றியதா என்று பார்க்க இரண்டு சுலபமான வழி. ஈரமான உரத்தில் ஒரு பிடியை பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டி, ஒரு வாரம் கழித்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். மழை பெய்த மண்ணின் வாசம் வந்தால் சரி. அந்த வாசம் ஜியோஸ்மின் என்ற பொருளால் வருவது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா வகை அதை உண்டாக்குகிறது. புளிப்போ அம்மோனியா நெடியோ அடித்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். இரண்டாவது வழி: ஒரு கரண்டி உரத்தில் கொஞ்சம் சுண்ணாம்புக் கரைசல் விடுங்கள். நெடி மூக்கில் ஏறினால் உள்ளே அம்மோனியம் மிச்சம் இருக்கிறது, அதாவது முற்றவில்லை. முற்றாத உரத்தில் செய்த சிற்பம் கண்காட்சியின் மூன்றாம் நாள் வெள்ளைப் பூஞ்சை பூத்து நிற்கும். அதுதான் வேண்டுமென்றால் சரி, அதைத் தெரிந்தே செய்யுங்கள்.

இனி அர்த்தம் பக்கம் வருகிறேன், ஏனென்றால் அதற்கான விடையும் இந்த வேதியியலில்தான் இருக்கிறது. உரம் போடுகிற எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் கலைக்கூட அட்டைகளில் நான் அதிகம் பார்க்காத ஒரு விஷயம்: குழியில் போட்டதெல்லாம் குழியில் இருக்காது. கார்பனில் ஏறக்குறைய பாதி கரியமில வாயுவாகக் காற்றோடு போய்விடும். நைட்ரஜனில் கொஞ்சம் அம்மோனியாவாகப் போகும். குவியல் பாதியாக, சில சமயம் அதற்கும் கீழே வற்றும். "எதுவும் வீணாவதில்லை, எல்லாம் திரும்பி வருகிறது" என்று எழுதினால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது; கணக்கு அப்படி இல்லை. இன்னொரு பக்கம், மக்காதது அப்படியே நிற்கும், குவியல் வற்ற வற்ற அதன் செறிவு கூடிக்கொண்டே போகும். பழத்தில் ஒட்டிய ஸ்டிக்கர், ஷாம்பு பாக்கெட்டின் மூலை, மாலையில் கலந்த நைலான் நூல், பேட்டரியிலும் பெயின்டிலும் இருந்து வந்த ஈயம், காட்மியம். நகரக் கம்போஸ்டில் ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமையும் காட்மியம் 5 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்று இந்திய உரக் கட்டுப்பாட்டு ஆணை வரம்பு வைத்திருப்பது இதனால்தான்.

ஆக, குழி எதையும் சுத்தம் செய்வதில்லை. தின்னக்கூடியதைத் தின்றுவிடுகிறது, தின்ன முடியாததைச் சேர்த்து வைக்கிறது. மறுபிறப்பு என்ற ஒற்றை வார்த்தையில் இந்த இரண்டாவது பாதி காணாமல் போகிறது. உங்களுக்கு உருப்படியான ஒரு யோசனை சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்: சல்லடைக்குக் கீழே விழுந்ததை மட்டும் எடுக்காதீர்கள், மேலே தங்கியதையும் எடுத்து வையுங்கள். கீழே விழுந்தது எந்த வீட்டு உரமாகவும் இருக்கலாம். மேலே நிற்கிற பொத்தான், பேனா மூடி, மாத்திரை அட்டையின் துணுக்கு, கண்ணாடி வளையல் சில்லு, இவைதான் உங்கள் வீட்டின் கதை.

கீழே விழுந்ததற்கும் ஒரு குணம் உண்டு. அது எங்கிருந்து வந்தது என்பதை மறைத்துவிடும். கோயில் மாலையும் சாவு வீட்டு மாலையும் மக்கிய பிறகு ஒரே பழுப்புதான். ஆய்வகத்தில் டி.என்.ஏ. துணுக்குகளைத் தேடினால் ஏதாவது சிக்கலாம், அது வேறு. கண்ணுக்கும் கைக்கும் வேறுபாடு கிடையாது. தீட்டு, சுத்தம் என்று பொருட்களைத் தரம் பிரித்து வைத்திருக்கும் ஒரு சமூகத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. இங்கே மட்டும் கவனமாக இருங்கள். பொருட்களின் அடையாளம் அழிகிறது என்று மகிழ்கிற அதே நேரத்தில், அதைச் சுமந்தவரின் அடையாளமும் சேர்ந்து அழிந்துவிடுகிறது.

உரத்தை இயற்கையின் சுழற்சி என்று சொல்வதில் எனக்கு உள்ள பெரிய சங்கடம் இதுதான். காட்டில் இலை உதிர்ந்து மக்குவது இயற்கை. குழியில் நடப்பது வேலை. 1920-களில் இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்ட், யஷ்வந்த் வாட் என்ற வேளாண் விஞ்ஞானிகள் இருவரும் சேர்ந்து, கழிவை அடுக்கடுக்காகப் போட்டு உரமாக்கும் முறையைச் சோதித்து 1931-ல் எழுதி வெளியிட்டார்கள். எப்போது, எப்படிக் கிளற வேண்டும் என்பதும் அதில் உண்டு. 1930-களின் இறுதியில் பெங்களூரில் சி.என். ஆச்சார்யா என்ற விஞ்ஞானி வகுத்த உர முறையில் கிளறும் வேலை கிடையாது, நிதானமாக மக்கும். ஆனால் அது நகரக் குப்பையையும் மனிதக் கழிவையும் குழியில் மாற்றி மாற்றி அடுக்குகிற முறை. அந்தக் கழிவு தானாக நடந்து வந்து குழியில் இறங்கவில்லை. அதைச் சுமக்கிற வேலை எந்தச் சாதிகளின் தலையில் கட்டப்பட்டது என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மனிதக் கழிவைக் கையால் அள்ளுவதைத் தடை செய்து சட்டம் வந்தது 1993-ல். அது போதாமல் 2013-ல் இன்னொன்று. இன்றும் நம் ஊர்களில் ஈரக் குப்பையிலிருந்து பிளாஸ்டிக்கைப் பிரித்து நுண்ணுரக் கூடத்துக்குக் கொண்டு சேர்ப்பது தூய்மைப் பணியாளர்களின் கைகள்தான். உங்கள் வீட்டுக் குழியைக் கிளறியது யார் என்று நீங்கள் எழுதவில்லை. அம்மாவா, பாட்டியா, வாரம் ஒருமுறை வந்துபோகிற ஒருவரா? படைப்பில் அந்த ஆளுக்கு இடமில்லை என்றால் நீங்கள் காட்டுவது உரத்தின் நிறத்தை மட்டும்தான்.

இதைக் கலையில் மிகத் தெளிவாகச் செய்தவர் நியூயார்க்கின் மியர்ல் லேடர்மன் யூக்கலிஸ். உரத்தைத் தொடாமலே செய்தார். பெருக்குவது, துடைப்பது, குப்பை அள்ளுவது ஆகிய பராமரிப்பு வேலைகளே கலை என்று 1969-ல் ஓர் அறிக்கை எழுதினார். 1977 முதல் அந்த நகரத்தின் துப்புரவுத் துறையில் சம்பளம் இல்லாத உறைவிடக் கலைஞராக இருந்தார். 1979, 80-ல் துறையின் ஏறக்குறைய 8,500 ஊழியர்களையும் ஒவ்வொருவராகச் சந்தித்துக் கைகுலுக்கி நன்றி சொன்னார். படைப்பு என்று சுவரில் மாட்ட அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் குப்பையைப் பொருளாகக் கொண்ட எந்த வேலையையும் அதற்குப் பிறகு பழைய மாதிரி பார்க்க முடியாது.

பொருளையே கையாண்டவர்களில் நான்கு பேரைச் சொல்கிறேன். வால்டர் டி மரியாவின் 'எர்த் ரூம்' நியூயார்க்கில் வூஸ்டர் தெருவில் ஒரு மாடிக்குள் 1977 முதல் இருக்கிறது: 3,600 சதுர அடித் தளம் முழுக்க 22 அங்குல உயரத்துக்கு மண், ஏறக்குறைய 127 டன். அது உரம் இல்லை, மண். அங்கே நடக்கும் வேலையைக் கவனியுங்கள். தண்ணீர் தெளித்து, வாரிச் சமன்படுத்தி, முளைக்கிற காளானைப் பிடுங்கிப் போடுகிறார்கள். எதுவும் வளர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்கே இத்தனை உழைப்பு. என்னைக் கேட்டால் உரத்துக்கு நேர் எதிரான படைப்பு அது, அதனாலேயே உங்களுக்குப் பயன்படும். கிளேர் பென்டகாஸ்ட் 2012-ல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்த டாக்குமென்டா கண்காட்சியில் வளமான மண்ணை அச்சில் அழுத்தித் தங்கக் கட்டிகள் மாதிரி அடுக்கி, இதுவே நாணயமாக இருக்கட்டும் என்றார். யோசனை கூர்மையானது, ஆனால் கட்டியாகிவிட்ட மண் மூச்சுவிடுவதில்லை என்பது என்னை மாதிரி ஆட்களுக்கு உறுத்தும். அசாத் ராசா 2019-ல் சிட்னியில் ஒரு பழைய கட்டடத்துக்குள் ஏறக்குறைய 300 டன் புது மண்ணைச் செய்தார். மணல், களி, சுண்ணாம்பு, மது வடித்த தானியச் சக்கை, காபித் தூள் சக்கை, தழை என்று சேர்த்து, ஆட்களை வைத்துத் தினமும் கிளறி, சோதித்து, வருகிறவர்கள் வேண்டிய அளவு வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று விட்டுவிட்டார். உரத்தின் இயல்புக்கு மிக அருகில் வந்த படைப்பு என்று இதைத்தான் சொல்வேன். நம் பக்கத்தில் ஷீலா கவுடா. ஓவியராகப் பயின்றவர், 1990-களின் தொடக்கத்தில் சாணியைக் கையிலெடுத்தார். சாணி இங்கே ஒரே நேரத்தில் மெழுகுகிற பொருள், எரிபொருள், பூசைப் பொருள், பெண்கள் தட்டுகிற வேலை, அரசியல் சின்னமும்கூட. எதையும் விளக்காமல் அத்தனையையும் அவர் அந்தப் பொருளிலேயே விட்டுவைத்தார்.

நம் ஊர் வழக்கங்களைச் சொல்லாமல் விட்டால் யாராவது கீழே வந்து கேட்பீர்கள். மார்கழியில் கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் பூசணிப்பூ வைப்பது, அதையே வரட்டியாகத் தட்டிக் காயவைத்து, தென் மாவட்டங்களில் சிறுவீட்டுப் பொங்கலன்று ஆற்றில் விடுவது. முளைப்பாரி: எருவும் மண்ணும் வைக்கோலும் போட்ட சட்டியில் தானியங்களை விதைத்து, வெளிச்சம் படாமல் வைத்து, வெளிறிய மஞ்சளாக முளைத்ததைத் தலையில் சுமந்து போய் நீரில் கரைப்பது. வேளார்கள் செய்யும் ஐயனார் புரவிகள், அடுத்த எடுப்பு வரும்போது பழையவை தோப்பிலேயே சிதைந்து கிடக்க விடப்படுவது. இவற்றைச் செய்கிறவர்கள் இவற்றை உரக் கலை என்று சொல்வதில்லை. நேர்த்தி என்பார்கள், வழக்கம் என்பார்கள். அதனால் உங்கள் படைப்புக்கு மரபுப் பெருமை சேர்க்க இவற்றை இழுத்துவராதீர்கள். ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ளலாம்: இவை எல்லாவற்றிலும் எப்போது, எங்கே, யார் கையால் முடியும் என்பது தொடங்கும்போதே தெரியும்.

சரி, செய்முறைக்கு வருவோம். மக்கிய உரத்துக்குத் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும் பசைத்தன்மை கிடையாது. வரட்டி நிற்பதற்குக் காரணம் அதிலுள்ள நார். நன்றாக முற்றிய உரத்தில் அந்த நார் மிச்சமிருக்காது. ஆகவே களிமண் வேண்டும். குளத்துக் களிமண் இரண்டு பங்கு, 2 மி.மீ. சல்லடையில் சலித்த உரம் ஒரு பங்கு, பொடியாக நறுக்கிய வைக்கோல் ஒரு கைப்பிடி. இந்தக் கலவையில் தொடங்கி உங்கள் மண்ணுக்குத் தக்கபடி கூட்டிக் குறையுங்கள். கஞ்சிப் பசை சேர்த்தால் பிடிப்பு கூடும், பூஞ்சைக்கும் விருந்தாகும். கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிவு விட்டால் அதைத் தள்ளிப்போடலாம். நிழலில் மெதுவாகக் காய வையுங்கள். நான்கைந்து சென்டிமீட்டருக்கு மேல் கனமாக இருந்தால் வெடிக்கும், உள்ளே வெற்றிடம் விட்டுச் செய்யுங்கள். சூளையில் வைத்தால் உரம் முழுக்க எரிந்துபோய், அது இருந்த இடமெல்லாம் நுண்துளையாக, எடை குறைந்த சுட்டமண் கிடைக்கும். பெரிய புரவிகளுக்குக் களிமண்ணில் உமி கலப்பதும் இந்த வகைதான். உரம் இல்லாமல் போய் அதன் வடிவம் மட்டும் எஞ்சுவது, எனக்குப் பிடித்த வழி. சுடுவதற்கு முன் பிளாஸ்டிக் துணுக்குகளைக் கட்டாயம் பொறுக்கிவிடுங்கள், அந்தப் புகை நல்லதல்ல.

மை வேண்டுமென்றால், முற்றிய உரத்தைச் சலவைச் சோடா கரைசலில் ஓர் இரவு ஊறவைத்துப் பருத்தித் துணியில் வடிகட்டி, மெல்லிய தீயில் சுண்டவைத்து, கருவேலம் பிசின் கரைசல் சேர்த்துக்கொள்ளுங்கள். கெடாமல் இருக்க இரண்டு சொட்டு கிராம்பு எண்ணெய். டீ நிறத்திலிருந்து கரும்பழுப்பு வரை கிடைக்கும். ஐரோப்பிய ஓவியர்கள் பயன்படுத்திய காசெல் எர்த் அல்லது வான்டைக் பிரவுன் என்ற நிறமியும் இதன் உறவுதான். மக்கிய தாவரங்கள் நிலத்தடியில் பழுப்பு நிலக்கரியாக மாறியதைத் தோண்டி அரைத்தது. அந்தக் காசெல் நகரம்தான் பென்டகாஸ்ட் மண் கட்டிகளை அடுக்கிய இடமும். அந்த நிறமி வெயிலில் வெளிறும் என்பது ஓவியங்களைப் பழுதுபார்ப்பவர்கள் நன்கறிந்தது. உங்கள் மையும் வெளிறும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மக்குவதையே தூரிகையாக்கும் வழிகளும் உண்டு. அரச இலையைத் தண்ணீரில் மூன்று நான்கு வாரம் ஊறப்போட்டால் பாக்டீரியா மென்சதையைத் தின்றுவிட, நரம்பு வலை மட்டும் நிற்கும். அதில் சாமி படம் வரைந்து விற்பதைப் பார்த்திருப்பீர்கள். பருத்திச் சட்டை ஒன்றைக் குழியில் புதைத்துவிட்டு ஒன்றிரண்டு மாதத்தில் தோண்டினால் துணி ஓட்டை ஓட்டையாக இருக்கும், சில சமயம் துணியே இருக்காது. ஆனால் தைத்த நூல் பாலியெஸ்டர் என்றால் காலரும் கைமடிப்பும் தையல் கோடாக அப்படியே வெளியே வரும். கண்காட்சிக்கு வேறு எதுவும் தேவையில்லை என்று தோன்றும் அளவுக்கு அது நன்றாக இருக்கும். எப்போது தோண்ட வேண்டும் என்பது குழியின் சூட்டையும் ஈரத்தையும் பொறுத்தது என்பதால் நாலைந்து துண்டுகளைப் புதைத்து வெவ்வேறு வாரங்களில் எடுங்கள்.

உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் வட்ட வடிவ மண் படம் போட்டு, உரத்தின் உயிர்ப்பு இதில் தெரியும் என்று எழுதியிருந்தார். அது ஏரன்ஃப்ரீட் ஃபைஃபர் உருவாக்கிய குரோமட்டோகிராஃபி முறை. வட்டமான வடிதாளின் நடுவில் துளையிட்டு, திரி செருகி, சில்வர் நைட்ரேட் கரைசலை ஊறவைத்துக் காயவிட வேண்டும். பிறகு காஸ்டிக் சோடாவில் கரைத்த உரச் சாற்றைப் புதுத் திரி வழியாக ஏற விட்டால், வெளிச்சத்தில் சில நாட்களில் பூ மாதிரி ஆரங்களும் கதிர்களும் எழும். படம் அழகானது, ஒரு மாதிரிக்கும் இன்னொன்றுக்கும் உண்மையிலேயே மாறுபடும், இதுவரை நிச்சயம். கதிரின் வடிவத்தைப் பார்த்து மண்ணின் ஆரோக்கியத்தைப் படித்துவிடலாம் என்பது சந்தேகத்துக்குரியது. நிறத்துக்கும் கரிமப் பொருளின் அளவுக்கும் ஓரளவு தொடர்பு காட்ட முடிகிறது, அதற்கு மேலே போகிற விளக்கங்களுக்கு ஆதாரம் பலவீனம். செய்வதானால் கையுறை போடுங்கள், சில்வர் நைட்ரேட் தோலில் பட்ட கறை நாள்கணக்கில் போகாது. காஸ்டிக் சோடா கண்ணில் படக் கூடாது.

இதோடு சேர்ந்த இன்னொரு சந்தேகம். மக்குவதன் முடிவில் ஹ்யூமஸ் என்ற, சிக்கலான, நூற்றாண்டுகள் நிலைக்கிற ஒரு தனிப்பொருள் உருவாகிறது என்றுதான் எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். 2015-ல் லேமன், கிளெபர் என்ற மண் விஞ்ஞானிகள் நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதிய கட்டுரை அதைக் கேள்விக்குள்ளாக்கியது: காரக் கரைசலில் பிரித்தெடுப்பதால்தான் அப்படி ஒரு பொருள் இருப்பதாகத் தெரிகிறது, மண்ணில் இருப்பது சிதைந்துகொண்டே இருக்கும் துணுக்குகளின் தொடர்ச்சி என்றார்கள். விவாதம் முடிந்துவிடவில்லை, எனக்கு அவர்கள் சொல்வதே சரியென்று படுகிறது. அர்த்தம் தேடுகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. எல்லாம் போய்க் கடைசியில் அழியாத சாரம் ஒன்று மிஞ்சும் என்ற கதைக்கு வேதியியலின் ஆதரவு குறைந்துகொண்டே வருகிறது. உரம் என்பது போய்ச் சேர்ந்த இடம் இல்லை, நடுவழி.

கண்காட்சிக் கூடத்துக்காரர்கள் முதலில் கேட்பது அர்த்தத்தை அல்ல, தரையில் கறை படியுமா என்பதைத்தான். ஆகவே கீழே தடித்த தார்ப்பாய். ஈரத்தோடு வைப்பதானால் சின்னக் கொசு மாதிரிப் பூஞ்சை ஈக்கள் வரும்; முழுக்கக் காயவைத்தால் வராது, ஆனால் தூசி பறக்கும். இரண்டுக்கும் நடுவே லேசான ஈரத்தில் வைப்பது நல்லது. உரத் தூசியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் அதில் சாதாரணம், ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தொந்தரவு. ஆஸ்திரேலியாவில் தொட்டி மண் பைகளின் மேலேயே லெஜியோனெல்லா எச்சரிக்கை அச்சிட்டிருக்கும்; அந்தப் பாக்டீரியாவின் ஒரு வகை உரத்திலிருந்து மூச்சுவழியாகப் போய் நிமோனியா வரவழைக்கும். சலிக்கும்போது தண்ணீர் தெளித்துக்கொண்டு, என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு, திறந்த வெளியில் சலியுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு வருடக்கணக்கில் ஆகியிருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். மருத்துவ விஷயத்தில் இதற்கு மேல் சொல்ல நான் ஆள் இல்லை.

குழிக்கு எத்தனை வயது, இறைச்சிக் கழிவோ செய்தித்தாளோ அதில் விழுந்திருக்கிறதா, கண்காட்சி எத்தனை நாள், கூடத்தில் ஏசி ஓடுமா? இவற்றைக் கீழே எழுதுங்கள். களிமண் எந்தக் குளத்தில் எடுக்கிறீர்கள் என்பதையும் சொன்னால் கலவை அளவைத் திருத்தித் தருகிறேன். குழியைக் கிளறியவரிடம் அதற்குள் ஒரு தடவை பேசிவிடுங்கள், அவர் சொல்வதில் பாதி எனக்கும் தெரியாததாக இருக்கும்.